வரிசைக்கு வெளியே மூன்று புள்ளிகள்

புகார்ப் பெட்டியில் ஒரு கனவு வந்து விழுந்தது அதுதான் முதல் தடவை.

வழக்கமான புகார்கள் எனக்கு மனப்பாடம். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது, கோழி முட்டையிடவில்லை, டவர் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் காரணம். ஊராரைக் குறை சொல்லவும் முடியாது. தரைக்கு நூறு மீட்டர் கீழே முப்பத்தோரு கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு வளையத்தைத் தோண்டி, அதற்குள் புரோட்டான்களை எதிரெதிராக விரட்டி மோதவிடுகிறவர்களை யார்தான் நம்புவார்கள்? தூத்துக்குடிக்கு வடக்கே, கடலோரம் உப்பளமும் உள்ளே முள்மரம் அடர்ந்த உடங்காடுமாகக் கிடந்த பூமியில் தென்கடல் வளையம் வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. இன்னும் எங்களை 'குழாய்க் கம்பெனி' என்றுதான் சொல்வார்கள்.

நயினார் எங்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. ஊர்க்காரர்களின் கடிதங்களுக்குப் பதில் போடும் வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தது. அன்று காலை என் அறைக்கு வந்து மூன்று தாள்களை மேஜைமேல் பரப்பினார்.

"மேடம், சிரிக்காம கேக்கணும்."

"சிரிச்சாத்தான் என்ன?"

"மூணு பேருக்கு, ஒவ்வொருத்தருக்கும் ஒரே கனவு திரும்பத் திரும்ப வருது. மெஷின் ஓடுற மாசம்தான் வருது. நிறுத்துனா கொஞ்சம் கொஞ்சமா மங்கிப் போயிருது. உப்புக் கிடங்குக் காவலாளி சூசை, பகல்ல கண்ணசந்தா எதையோ மென்னுக்கிட்டே இருக்காராம். முழிச்சா வாயெல்லாம் தழை வாசம். ரெண்டாவது ஒரு டீக்கடைக்காரர். அவரு கனவுல தையல் மிஷின் மிதிக்கிறாரு."

நான் சிரித்துவிட்டேன்.

"மூணாவது முத்துப்பேச்சி. அளத்துல உப்பு வாருறவங்க. கனவுல அசையாம படுத்துக் கெடக்காங்க. அவ்வளவுதான். இப்ப இருக்கிற குடிசைக்கு வந்ததுல இருந்து, எட்டு மாசமா."

"படுத்துக் கிடக்கறதுல என்ன புகார்?"

"தூங்கப் பயமா இருக்காம். தூங்காம தூங்காம, போன வாரம் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போதே பாத்திக்குள்ள மயங்கி விழுந்திருக்காங்க. நெத்தியில நாலு தையல்."

எனக்குக் கனவு ஆராயும் ஆசையெல்லாம் இல்லை. என் வேலை குப்பை கொட்டுவது. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். வளையத்தில் ஒரு நொடிக்கு நாலு கோடி மோதல் நடக்கிறது. அத்தனையையும் சேமித்து வைக்க உலகத்தில் இடம் கிடையாது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொட்டுவது என்று கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிவு செய்ய ஒரு வடிகட்டி வேண்டும். அந்த வடிகட்டியை எழுதியவள் நான். பளிச்சென்று, பலமாக, வேகமாக வருவது உள்ளே. மெதுவாக, மங்கலாக வருவது வெளியே. இருபது வருடமாக இதே தொழில், அதில் நான் கெட்டிக்காரி.

வீட்டுக்கும் அதே பழக்கத்தைக் கொண்டுபோயிருக்கிறேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

என் கணவன் செல்வின் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவன். நாலு வருடம் முன்னால் ஒரு மழை நாளில் கப்பலின் கயிற்று ஏணியிலிருந்து விழுந்தான். உயிர் இருந்தது. மற்றது எதுவும் இல்லை என்றார்கள். வளையத்துக்கு மேற்கே, நெடுஞ்சாலையோரத்தில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லம் இருக்கிறது. அங்கே கண்ணைத் திறந்தபடி படுத்துக் கிடந்தான். கூப்பிட்டால் திரும்பமாட்டான், கிள்ளினால் முகம் சுளிக்கமாட்டான். இமை கொட்டாததால் கருவிழி இரண்டும் காய்ந்து புண்ணாகி வெள்ளை படர்ந்தது. ஒரு மாதம் முன்னால் இமைகளைத் தைத்துவிட்டார்கள். "எப்படியும் அவர் எதையும் பார்க்கல மேடம்" என்று டாக்டர் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன்.

தினமும் மாலை நாலு மணிக்குப் போவேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அவன் தலைமாட்டில் நாடித்துடிப்பு காட்டும் திரை ஒன்று உண்டு. அதற்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டு எண்களைப் பார்ப்பேன். ஏதாவது பேச வேண்டுமே என்று எண்ணை வாய்விட்டுச் சொல்வேன். நாலு வருடத் துடிப்பும் அப்போதைக்கப்போது என் கணினியில் வந்து சேர்ந்திருந்தது. அதில் எட்டு மாதமாக ஒரு விநோதம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஊசி போட்டதும் செல்வின் தூங்கிப்போவான். தூங்குகிறவனின் துடிப்பு இறங்கத்தானே வேண்டும்? இவனுக்கு ஏறியது, பதினொரு மணிவரை மூட்டை தூக்குகிறவனுக்கு ஏறுவதுபோல ஏறியது. டாக்டரிடம் காட்டினேன். கருவிக் கோளாறு என்றார். நானும் ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நயினார் என்னை ஜீப்பில் உப்பளத்துக்கு அழைத்துப்போனார். வெயில் அதற்குள் கண்ணைக் கூசவைத்தது. பாத்தி பாத்தியாக உப்புத் தண்ணீர், வரப்பில் வெள்ளைக் குவியல்கள். முத்துப்பேச்சி நீளமான பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, நெற்றியில் தையல். எங்களைக் கண்டதும் பலகையைக் கீழே போட்டுவிட்டு வரப்பேறி வந்தாள்.

நான் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு அவளுக்கு எதிரே நின்றேன். "எப்போ தூங்குவீங்க?"

"விடியமுன்ன வேலைக்கு வந்துருவேன் மேடம். பதினோரு மணிக்கு விட்டுருவாவ. ராத்திரி பயத்துல கண்ண மூட மாட்டேன். மத்தியானம் ஒரு மணிக்கு அசந்து படுத்தா அஞ்சு மணி வரைக்கும். அப்பத்தான் வரும்."

"என்ன தெரியும்?"

"முன்னெல்லாம் தலைக்கு மேல மோடு தெரியும். வெள்ளை மோடு, ஓரத்துல ஈரம் பாஞ்ச கறை. ஓடாத ஃபேன். அதையே பாத்துக்கிட்டுக் கெடப்பேன். ஒரு மாசமா அதுவும் இல்ல, கும்மிருட்டு. ஆனா காது கேக்கும். கையில எறும்பு ஊருனா தெரியும். தட்டிவிட முடியாது பாத்துக்கிடுங்க. கத்தணும்னு வரும், வாய் இருக்காது."

"வேற யாராவது வருவாங்களா அந்தக் கனவுல?"

"நர்சுப் பிள்ளைய வரும், போகும். சாயந்தரம் நாலு மணிக்கு ஒரு அம்மா வரும். மூஞ்சி ஒரு நாளும் பாத்ததில்ல. மோடு தெரிஞ்ச காலத்துலயும் பாத்ததில்ல. தலைக்குப் பின்னால எங்கயோ உக்காந்துக்கிட்டு எண்ணு சொல்லும்."

"எண்ணா?" என்றார் நயினார்.

"ஆமா. எழுவத்தி நாலு, எழுவத்தி ஆறு, பரவால்லன்னு சொல்லும். பெறவு எந்திரிச்சிப் போயிரும்."

என் பேனா நின்றுவிட்டது. முத்துப்பேச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டு, "சரி, தகவல் சொல்றோம்" என்றேன். ஜீப்பில் வரும் வழியெல்லாம் எழுதிய தாளை மடித்து மடித்துப் பிரித்தேன்.

அலுவலகத்தில் அவர் சுவரில் பெரிய வரைபடத்தை மாட்டினார். உடங்காட்டின் நடுவே மோதல் நடக்கும் இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி, அதில் நூலைக் கட்டினார். சூசையின் கிடங்கிலிருந்து குண்டூசி வழியாக நூலை இழுத்து மறுபக்கம் அதே தூரம் அளந்தார்.

"ஆட்டுக் கிடை" என்றார். டீக்கடையிலிருந்து இழுத்தார். "இங்க ஒரு தையல்காரர் வீடு." நாலு மணிக்கு நான் எங்கே போவேன் என்று தெரிந்தவர், மூன்றாவது நூலை இழுக்க அவருக்கு மனசு வரவில்லை. நான் வாங்கி இழுத்தேன். முத்துப்பேச்சியின் குடிசையிலிருந்து கிளம்பிய நூல், ஆறு கிலோமீட்டர் மேற்கே அந்த இல்லத்தின்மேல் வந்து நின்றது.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க மேடம்" என்றார் நயினார், ரொம்ப மெதுவாக.

"சூப்பர்சிமெட்ரின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நமக்குத் தெரிஞ்ச ஒவ்வொரு துகளுக்கும் நமக்குத் தெரியாத ஒரு கூட்டாளி இருக்கணும்னு ஒரு கோட்பாடு. காலங்காலமா தேடுறாங்க. கிடைக்கல. ரொம்பக் கனமா இருக்கும், அதான் கிடைக்கலன்னு இன்னும் பெரிய மெஷினாக் கட்டுனாங்க."

"லேசா இருந்தா?"

"லேசா இருந்தா எப்பவோ கண்ணுல பட்டிருக்கும்னு எல்லாரும் நினைச்சோம்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினேன். "படாது நயினார். லேசா, மெதுவா வர்றதைத்தான் நான் கொட்டிடறேனே."

அவர் வரைபடத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார்.

"அந்த வகைத் துகள் ஒத்தையாப் பிறக்காது. மோதல்ல பிறந்தா ரெண்டாத்தான் பிறக்கும். ஒண்ணு கிழக்கே போனா இன்னொண்ணு மேற்கே. ரெண்டுக்கும் ஒரே வேகம், அதனால நிக்கிறதும் ஒரே தூரத்துல. அங்க யாராவது தினமும் ஒரே இடத்துல படுத்துத் தூங்கினா, அவங்க உடம்புல கொஞ்சம் கொஞ்சமாச் சேரும்."

"சேர்ந்தா?"

"இந்தப் பக்கம் முழிச்சிருக்கிறது, அந்தப் பக்கம் தூங்கும்போது கசியும்போல."

எப்படிக் கசிகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரிய பெரிய ஆட்கள் இப்போது அதைப் பற்றி எழுதுகிறார்கள், அவர்களுக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிய வேண்டியது வேறு. வடிகட்டியை ஒரு மணி நேரம் திறந்துவிட்டேன். பத்து வருடமாகக் குப்பையில் போட்டுவந்த வகை குவியல் குவியலாக வந்து விழுந்தது. ஜோடி ஜோடியாக, மெதுவாக, எதிரெதிர்த் திசையில். பாதி அழிய எட்டு நாள் எடுக்கும் என்று கணக்கு வந்தது. இயற்பியலில் நான் கண்ட கனவெல்லாம் திரையில் நின்றது, எனக்கு ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. செல்வின் உள்ளே இருக்கிறான் என்ற ஒரே நினைப்புதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"சட்டப்படி இன்னிக்கே நான் அறிக்கை கொடுக்கணும்" என்றார் நயினார். "கொடுத்தா உடனே வளையத்தை நிறுத்திருவாங்க. அந்தம்மா தூங்கும்."

"கொஞ்ச நாள் பொறுங்க."

"எதுக்கு?"

"சரிபார்க்கணும்." பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. அவர் அந்த நூலை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நாலு மணிக்கு இல்லத்துக்குப் போனேன். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். திரை நன்றாகத் தெரிந்தது. செல்வினின் உச்சந்தலையும் இடது காதும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. நாலு வருடம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் கண் திறந்திருந்த அத்தனை நாளும் ஒரு தடவைகூட நான் அவன் பார்வைக்குள் போனதில்லை. எனக்கு எண் தெரிந்தால் போதுமென்று இருந்திருக்கிறேன். நாற்காலியை இழுத்து முன்பக்கம் போட்டேன். தைத்த இமைகள் இரண்டும் மூடியிருந்தன. அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை.

சோதனை என்றால் சோதனைதான். அவன் காதருகே குனிந்து யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் தனியாக உப்பளத்துக்குப் போனேன். முத்துப்பேச்சி பலகையோடு வந்து எதிரே நின்றாள். நான் கேட்பதற்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

"அந்தம்மா இப்ப எண்ணு சொல்லுதில்ல மேடம். கதை சொல்லுது."

"என்ன கதை?"

"கல்யாண போட்டோவுல மாப்ள கண்ண மூடிட்டானாம். திரும்ப எடுக்கலாம்னு போட்டோக்காரர் சொன்னதுக்கு, வேண்டாம், இதுதான் நெசமான போட்டோன்னானாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "கனவுல எனக்கும் சிரிப்பாணி வந்துச்சு. வாய்தான் இல்லயே. நெஞ்சுக்குள்ளயே குலுங்குச்சு."

செல்வின் சிரித்திருக்கிறான். நான் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் தப்பு. ஆராய்ச்சி, சரிபார்ப்பு, இன்னும் இரண்டு நாள் என்று நயினாரிடம் இழுத்தடித்தேன். நாலு மணிக்குப் போய் செல்வினிடம் பேசினேன். அப்பா செத்துப்போனதைச் சொன்னேன். அவன் படகை வேறொருவன் ஓட்டுவதைச் சொன்னேன். வலிக்கிறதா என்று கேட்டேன். நாலு வருடப் பேச்சைப் பன்னிரண்டு நாளில் பேசித் தீர்த்தேன். ஒவ்வொரு சொல்லையும் கிழக்கே ஒருத்தி தன் தூக்கத்தில் சுமந்துகொண்டிருந்தாள் என்பதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். கொட்டுவதில்தான் நான் கெட்டிக்காரி ஆயிற்றே.

பதிமூன்றாம் நாள் காலை மூன்றாவது தடவையாகப் போனேன். பதில் வாங்கத்தான் போனேன். முத்துப்பேச்சியின் முகம் வீங்கியிருந்தது. கண் இரண்டும் குழிக்குள் கிடந்தன. வரப்பில் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்று நின்றாள்.

"உக்காந்தா கண்ணு சொருகிரும்க்கா" என்றாள். மேடம் எப்போது அக்காவானது என்று நான் யோசிப்பதற்குள், "அந்தக் குரல் ஒங்க குரல்தான?" என்று கேட்டாள்.

"எப்போ தெரியும்?"

"மொத நாளே. நீங்க வாயத் தொறந்ததும் தெரிஞ்சு போச்சு. நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன்."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. "ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? அவிய ஒங்களுக்காகக் காத்துக் கெடக்காவ. நாலு மணி ஆகப்போவுதுன்னா எனக்கு நெஞ்சு அடிக்கும். ஒங்க செருப்புச் சத்தம் கேட்டா அடங்கும். இத எப்படி நான் புகாருன்னு சொல்லுவேன்?" துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். "ஆனா என்னால முடியலக்கா. படுத்தா கட்டிப்போட்ட மாதிரி இருக்கு. முழிச்சா வேலை. ஒரே ஒரு மத்தியானம் நான் நானாத் தூங்கணும். அம்புட்டுத்தான்."

"வேற இடத்துல போய்ப் படுத்தா இது வராது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது அது.

"வேற இடமா? எங்கக்கா? அது அளத்துக்காரர் குடுத்த குடிசை. அத விட்டா வேலையும் இல்ல. அப்படியே போனாலும் நாளைக்கு இன்னொருத்தி வந்து அதே எடத்துல பாயப் போடுவா."

அவள் சொன்னது சரி. வளையம் ஓடுகிறவரை அந்தப் பாயில் யாராவது ஒருத்தி படுத்துத்தான் ஆக வேண்டும்.

அன்று மதியமே அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். துகள், அதன் எடை, ஆயுள், மனிதர்களுக்கு அதனால் வரும் பாதிப்பு, வளையத்தை உடனே நிறுத்தப் பரிந்துரை. நயினார் எதிரே உட்கார்ந்து பக்கங்களை வரிசைப்படுத்தினார். நிறுத்தினால் செல்வினிடமிருந்து எனக்கு வரும் ஒரே வழி அடைபட்டுவிடும். அது தெரிந்தேதான் எழுதினேன். முத்துப்பேச்சியின் கண்ணைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

"ஆதாரமா அவரோட துடிப்புக் கணக்கையும் சேர்த்திருவோமா?" என்று கேட்டார் நயினார். "காலையில ஏறுதுன்னு சொன்னீங்களே."

"அது கருவிக் கோளாறு."

"எட்டு மாசமாவா?"

கணினியில் வரைந்து காட்டினேன். ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு ஏறி, பதினொரு மணிக்கு இறங்குகிறது. பார்த்துக்கொண்டே இருந்தபோது முத்துப்பேச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. விடியமுன்ன வேலைக்கு வந்துருவேன், பதினோரு மணிக்கு விட்டுருவாவ. இவன் தூங்கிக்கொண்டே உப்பு வாருகிறான்.

"ரெண்டு பக்கமும் போகுது நயினார்" என்றேன். "அந்தம்மா தூங்கும்போது இவனோட இருட்டு அவங்களுக்குப் போகுது. இவன் தூங்கும்போது அவங்க காலை இவனுக்கு வருது. ஜோடின்னு நானே சொல்லிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்."

செல்வினுக்கு வெயில் இருந்திருக்கிறது. கடல் காற்றும் நடக்கக் காலும் பலகை பிடிக்கக் கையும் இருந்திருக்கின்றன. நாளைக்கு வளையம் நின்றால் அவனுக்கு அதுவும் போய்விடும். அனுப்பும் பொத்தானுக்கு மேலே என் விரல் நின்றது. நயினார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். படத்தையாவது சுத்தமாகப் போடுவோம் என்று கடைசி மாதத்தைப் பெரிதாக்கினேன். புள்ளிகளெல்லாம் ஒழுங்காக ஒரு பட்டைக்குள் கிடந்தன. மூன்றே மூன்று புள்ளிகள் மட்டும் பட்டைக்கு வெளியே, எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக நின்றன. இந்த மாதிரிப் புள்ளிகளை எங்கள் தொழிலில் அழித்துவிடுவோம். யாரோ கம்பியைத் தட்டியிருப்பார்கள், கருவி துள்ளியிருக்கும். வழக்கப்படி முதல் புள்ளியின்மேல் சுட்டியை வைத்தேன். அழிப்பதற்கு முன் தேதியும் நேரமும் திரையில் வந்தன. காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம்.

"நாம அளத்துக்கு முதல் தடவை போனது எப்போ நயினார்?"

அவர் ஜீப்பின் பதிவேட்டைப் புரட்டினார். தேதி சரியாக இருந்தது. ஏழு மணிக்குக் கிளம்பி, பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருந்தோம். இரண்டாவது புள்ளி நான் தனியாகப் போன நாள். மூன்றாவது இன்று காலை.

"அந்தம்மா வேலையை நிறுத்திட்டுச் சும்மா நின்னுதானே பேசினாங்க?" என்றார் நயினார். "அப்போ துடிப்பு இறங்கியில்ல இருக்கணும்?"

இறங்கவில்லை, நூற்று நாற்பதைத் தொட்டிருந்தது. முத்துப்பேச்சி எனக்கு நேரெதிரே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நிமிடங்கள் அவை. நாலு வருடத்தில் மூன்றே தடவை செல்வின் என்னைப் பார்த்திருக்கிறான். மூன்று தடவையும் நான் தாளையும் முத்துப்பேச்சியையும்தான் பார்த்தேன், அவனைப் பார்க்கவில்லை.

அழிக்கவில்லை. மூன்று புள்ளிகளோடும் சேர்த்தே அறிக்கையை அனுப்பினேன். அனுப்பிவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நயினார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

மறுநாள் நண்பகலில் வளையத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பத்திரிகையில் வந்தது. புகைப்படம், தொலைபேசி, பாராட்டு, சூசையின் கனவில் தழை மென்ற அந்த ஆடு இருந்த கிடைக்குக்கூட வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தார்கள். எனக்குக் கணக்கு வேறாக இருந்தது. எட்டு நாளில் பாதி, பதினாறு நாளில் கால். உடம்பில் சேர்ந்தது உடனே போய்விடாது. சில காலைகள் மிச்சம் இருந்தன.

நின்றதற்கு மறுநாள் ஏழு மணிக்கு அட்டையும் பேனாவும் இல்லாமல் உப்பளத்துக்குப் போனேன். முத்துப்பேச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இத்தன நாளும் நான் பாத்ததெல்லாம் அவியளும் பாத்தாவளா?"

"ஆமா."

"இப்பவும் பாக்காவளா?"

"தூங்கிட்டுத்தான் இருப்பான். ஆமா."

அவள் பலகையை வரப்பில் சாய்த்தாள். துண்டின் நுனியால் கண் இரண்டையும் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். உப்பு மணல் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எனக்கு முன்னால் ஒரு முழம் நெருங்கி வந்து நின்றாள்.

"என்னயப் பாக்காதியக்கா" என்றாள். "என் கண்ணப் பாருங்க. நான் எங்கயும் திரும்ப மாட்டேன்."

முதல் நாள் எனக்குப் பேச்சு வரவில்லை. சும்மா நின்றேன். அடுத்த நாள் பேசினேன். நரை விழுந்ததைக் காட்டினேன். ஒரு நாள் அவனுக்குப் பிடித்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். அளத்துக் கங்காணி ஒரு தடவை சத்தம் போட்டார். "போங்கய்யா, பத்து நிமிசம்" என்று தலையைத் திருப்பாமலே சொன்னாள் முத்துப்பேச்சி. அவள் கண்ணில் வெயில் அடித்தது. நீர் கோத்து வழிந்தது. அப்போதும் அவள் முடிந்தவரை இமைக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் மாலையில் இல்லத்துக்குப் போய்ப் புள்ளியைக் குறித்துக்கொண்டேன். முதல் வாரம் எல்லாம் மேலே நின்றன. பிறகு இறங்கத் தொடங்கின. இருபத்தோராம் நாள் புள்ளி பட்டையின் ஓரத்தைத் தொட்டது. மறுநாள் மற்ற புள்ளிகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது. அன்றைக்கே திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, செல்வினின் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எறும்பு ஊர்ந்தால் அந்தக் கைக்குத் தெரியும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் காலையும் நான் உப்பளத்துக்குப் போனேன். முத்துப்பேச்சி வரப்பில் காத்திருந்தாள். நெற்றித் தையல் ஆறி, முகம் தெளிந்திருந்தது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நேத்து மத்தியானம் ஒண்ணுமே வரலக்கா" என்றாள். ஏதோ தப்புச் செய்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். "தூங்கிட்டேன். அடிச்சுப் போட்ட மாதிரி அஞ்சு மணி வரைக்கும் தூங்கிட்டேன்."

"நல்லா தூங்கினீங்களா?"

"ஆமாக்கா."

சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் நின்ற இடத்திலேயே அழுதேன். அவள் பலகையை எடுக்கப் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தினமும் நிற்கிற இடத்தில் வந்து நின்றாள். நான் அழுது முடிக்கிறவரை என் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை.